எங்கள் வீட்டில் இருப்பவர்கள்

என் வீட்டுக்காரருக்குக் கோபமே வராது. அதற்கும் சேர்த்து எனக்கு வரும். மலாயாவில் எங்கள் ரப்பர்த் தோட்டத்தில் எல்லாரும் அவரை அப்பாவு வாத்தியார் என்பார்கள். புருஷன் பெயரைச் சொல்லிப் பழகாதவள் நான், அவர் என்றே சொல்லிக்கொண்டு போகிறேன். ஏழாம் வகுப்பு வரை படித்தவர். முதலில் என்னோடு பால்மரம்தான் வெட்டினார். பழைய வாத்தியார் ஈப்போவுக்குப் போய்விட, வெள்ளைக்காரத் துரை இவரைக் கூப்பிட்டுப் பள்ளிக்கூடத்தில் உட்கார வைத்தார். பள்ளிக்கூடம் என்ன பெரிய பள்ளிக்கூடம்! சிம்பாங் பூலாயிலிருந்து உள்ளே தள்ளி, கூலிகள் குடியிருக்கும் லயத்துக் கோடியில் ஓர் அத்தாப்பு ஓலைக் கொட்டகை. இருபத்தாறு பிள்ளைகள்.

ஜப்பான்காரன் வந்தான், துரை ஓடினார், அரிசி போனது, மரவள்ளிக்கிழங்கு வந்தது. பள்ளிக்கூடம் மட்டும் எப்படியோ நின்றது. காலையில் ஜப்பான் பாட்டு ஒன்றைப் பாட வைத்துவிட்டு, அப்புறம் தமிழ் நடத்துவார். அப்போது அவருக்கு இருந்த கவலையைக் கேட்டால் சிரிப்பீர்கள். ஊரே வயிற்றுக்கு அல்லாடுகிறது. இந்த மனிதருக்கோ, பிள்ளைகள் சொந்தமாக ஒரு வரி எழுதவில்லையே என்று வருத்தம்.

"பலகையில இருக்கிறத அச்சு மாதிரி எழுதுதுங்க செல்லாயி. பலகையத் துடைச்சிட்டா கை நின்னு போகுது."

"நின்னா நிக்கட்டும். எழுதினா அரிசியா கொட்டப் போகுது?" என்றேன்.

மழையைப் பற்றி எழுதச் சொன்னார், மாட்டைப் பற்றி எழுதச் சொன்னார். பிள்ளைகள் பேந்தப் பேந்த விழித்தன. ஒருநாள், "உங்க வீட்டுல யார் யார் இருக்காங்க, என்ன செய்றாங்க, அதை எழுதுங்க" என்றிருக்கிறார். கொட்டகையே குனிந்து எழுதியதாம். இருளாயி மகள், இரண்டு சொல்லுக்கு மேல் தாண்டாதவள், ஏழு வரி எழுதிவிட்டாளாம். வீட்டுக்கு வந்து குதிக்காத குறை.

சிலேட்டில் எழுதினால் அழிந்துவிடும், தாளில் எழுதினால்தான் முன்னைக்கு இப்போது எவ்வளவு தேறியிருக்கிறார்கள் என்று தெரியும் என்று தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியிடம் போய் நின்றார். அங்கே பழைய பெரட்டுத் தாள் கட்டுக்கட்டாகக் கிடந்தது. காலையில் ஆள் பெயர் கூப்பிட்டுக் குறிக்கிற தாள், பின்பக்கம் வெறுமையாக இருக்கும்.

"எடுத்துக்குங்க வாத்தியாரே. எழுதி முடிச்சா திருப்பிக் கொடுத்திடணும்லா. தாள் குறைஞ்சா ஜப்பான்காரன் என்னைத்தான் அறைவான்" என்றாராம் கிராணி.

அந்தச் சமயம் என் தம்பி சீனி எங்கள் வீட்டில் இருந்தான். சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்கிறார்கள் என்று ஆயர் தாவார் தோட்டத்திலிருந்து ஓடி வந்தவன். சயாமுக்குப் போனவர்களில் அதுவரை ஒருவரும் திரும்பவில்லை. எங்கள் லயத்தில் எட்டு வீட்டில் இப்படி எட்டுப் பேர், தம்பியோ புருஷனோ, பெரட்டில் பெயர் இல்லாமல் ஒளிந்திருந்தார்கள். சீனி பகலெல்லாம் பரணில் கிடப்பான், பொழுது சாய்ந்தால் இறங்குவான்.

"அக்கா, உன் பங்குக் கிழங்கையும் நானே திங்கிறேன்."

"தின்னு தொலைடா. உசிரோட இருந்தா போதும்."

எங்கள் ஒன்பது வயது மகள் பாப்பாவிடம், மாமாவைப் பற்றி வெளியே வாயைத் திறக்காதே என்று சொல்லி வைத்திருந்தேன். அவளும் திறக்கவில்லை. எழுதாதே என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை. எழுத்து எங்களுக்குப் பள்ளிக்கூடத்துச் சாமான். அதற்கு வாய் உண்டு என்று யார் நினைத்தோம்? எட்டு வீட்டிலும் இதே கதைதான்.

ஒரு மாதத்தில் பிள்ளைகள் பக்கம் பக்கமாக எழுதினார்கள். அவர் ஒவ்வொரு தாளையும் சிவப்புப் பென்சிலால் திருத்தி, 'நன்று' போட்டு, கட்டாகக் கட்டிக் கிராணியிடம் கொடுத்தார். "படிச்சுப் பாருங்க, நம்ம பிள்ளைங்க எப்படி எழுதியிருக்குன்னு" என்று வேறு சொல்லியிருக்கிறார். கிராணி படித்தார். பத்து நாளில் சயாமுக்கு எட்டு ஆள் காட்டவேண்டும் என்று கிராணிக்கு ஜப்பான்காரன் உத்தரவு வந்திருந்தது.

ஒரு வியாழக்கிழமை காலை லோரி வந்தது. பிள்ளைகள் கொட்டகையில் பாடிக்கொண்டிருந்தார்கள். சிப்பாய்கள் தேடவே இல்லை. நேராக எட்டு வீட்டுக்கு நடந்தார்கள். எங்கள் வாசலில் கிராணி நின்றார். கையில் அந்தத் தாள்கள். தலையைத் தூக்காமல் வாசித்தார்: "'எங்கள் மாமா சீனி பரணில் தூங்குவார். சாயங்காலம் இறங்கிக் கிழங்கு சாப்பிடுவார்.' இந்த வீடுதான்."

வரிக்குக் கீழே அவர் போட்ட 'நன்று', சிவப்புச் சுழிப்பு. எனக்கு வாசிக்கத் தெரியாது, ஆனால் அந்தச் சுழிப்பை எனக்குத் தெரியும். சீனி சத்தம் போடாமல் இறங்கி வந்தான். என்னைப் பார்த்தான். லோரியில் ஏறினான்.

அவர் மூச்சிரைக்க ஓடி வந்தபோது லோரி போய்விட்டிருந்தது.

"உங்க கண்ணு எங்கே போச்சு? ஒரே வீட்டுலதானே இருந்தான்?"

"எழுத்தைத்தான் பார்த்தேன் செல்லாயி. பாப்பா வரி கோணாம எழுதியிருந்தா. எழுத்தை மட்டுந்தான் பார்த்தேன்" என்றார்.

கோபம் வரும், வரும் என்று உட்கார்ந்திருந்தேன். வரவில்லை. அழுகையும் வரவில்லை. கிழங்கை உரித்து அடுப்பில் வைத்தேன்.

சாயங்காலம் தண்ணிக் குழாயடியில் எட்டு வீட்டுப் பெண்களும் நின்றோம். எல்லாருக்கும் தெரிந்திருந்தது. இருளாயிதான் பேசினாள். போனது அவள் புருஷன்.

"வாத்தியார யாரும் ஒரு சொல்லு கேட்கக் கூடாதுக்கா. கேட்டா பிள்ளைங்க காதுக்குப் போகும். அப்பன நாமதான் காட்டிக் கொடுத்தோம்னு தெரிஞ்சா அதுங்க என்னத்துக்காகும்?"

யாரும் கேட்கவில்லை. அவர் மற்ற ஏழு வீட்டு வாசலிலும் போய் நின்றார். ஒருத்தி உட்காரச் சொன்னாள், ஒருத்தி வறக்காப்பி கொடுத்தாள். திரும்பி வந்து, "நீயாவது திட்டேன்" என்று என்னிடம் கெஞ்சினார். நான் பாயைப் போட்டுப் படுத்துவிட்டேன். எட்டுப் பேரில் ஒருவரும் வரவில்லை, யுத்தம் முடிந்தும் வரவில்லை.

மறுவாரம் மத்தியானம் கிழங்கு எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். பலகை நிறைய எழுதிப் போட்டிருந்தார். பிள்ளைகள் பார்த்து எழுதிக்கொண்டிருந்தார்கள். பாப்பா முதலில் முடித்துவிட்டு எழுந்தாள்.

"அப்பா, இப்ப சொந்தமா எழுதட்டா? மாமா சயாமுக்கு வேலைக்குப் போனத எழுதுறேன். போன தடவை நன்று போட்டீங்கள்ல? இத இன்னும் நல்லா எழுதுறேன். மாமா வந்ததும் படிக்கட்டும்."

அவர் என்னைப் பார்த்தார். நான் கிழங்குச் சட்டியைக் கீழே வைத்தேன்.

"வேணாம்மா. பலகையில இருக்கிறதையே இன்னொரு தடவ எழுது" என்றார். பாப்பா உட்கார்ந்து எழுத ஆரம்பித்தாள்.