லீவு கேட்டிருக்காங்க

வெள்ளிக்கிழமை காலைகளில் அம்மாவின் செல்போன் என் காதோடு ஒட்டிக்கொண்டு சுடும். பட்டுக்கோட்டைக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் ஊர் வீட்டில் போன் ஒவ்வொருவர் கையாக மாறி மாறிப் போகும். அத்தை, சித்தப்பா, அம்மாவின் தம்பியான செந்தில் மாமா என்று எல்லோரும் பேசி முடிப்பதற்குள் எனக்குக் காது மடல் சிவந்து, கன்னமெல்லாம் வியர்வையில் கசகசத்துவிடும். எல்லோரும் கேட்டது ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான். என்ன சாப்பிட்ட, அங்க வெயில் எப்படி, அரபி பேச வருதா, எங்கெல்லாம் சுத்திப் பாத்தீங்க, எப்ப ஊருக்கு வர்றீங்க. எனக்கு அப்போது பத்து வயது. எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் தயாராக இருந்தது, எல்லாமே பொய். வெயிலைப் பற்றிச் சொன்னதுகூடப் பாதிப் பொய்தான், ஏனென்றால் நான் வெயிலில் நின்று பல மாதங்கள் ஆகியிருந்தன.

ஷார்ஜாவில் முவைலா என்ற பகுதியில், ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடியில், பலகை வைத்து மூன்றாகத் தடுத்த ஒரு வீட்டின் நடு அறையில் நாங்கள் இருந்தோம். அந்தப் பலகைத் தடுப்பை எல்லோரும் "பார்ட்டிஷன்" என்பார்கள். அப்பா ஒரு சின்ன கம்பெனியில் ஏசி மெக்கானிக். விசா புதுப்பிக்க வேண்டும் என்று எங்கள் மூவரின் பாஸ்போர்ட்டையும் ஆபீசில் வாங்கி வைத்திருந்தார்கள். அங்கே வார விடுமுறை வெள்ளிக்கிழமைதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா டியூட்டிக்குப் போனபோது ஆபீஸ் பூட்டிக் கிடந்தது. முதலாளி ஊரிலேயே இல்லை என்றார்கள். கூட வேலை பார்த்த பாகிஸ்தானியர் ஒருவர், "கம்பெனி கலாஸ், பாய்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிப் போனாராம். அதை அப்பா வீட்டுக்கு வந்து அப்படியே சொன்னபோது, "கலாஸ்" என்றால் முடிந்தது என்று எனக்குத் தெரிந்திருந்தது. எதெல்லாம் முடிந்தது என்று தெரியவில்லை.

விசா காலாவதியானதும் பள்ளிக்கூடத்தில் அடுத்த வகுப்புக்குச் சேர்த்துக்கொள்ளவில்லை. அப்பா தெரிந்தவர்கள் கூப்பிட்ட இடத்தில் சில்லறை வேலைகள் செய்துவிட்டு, பெரிய சாலைகளைத் தவிர்த்துச் சந்துகள் வழியாகவே வீடு திரும்புவார். அம்மாவும் நானும் கீழே இறங்குவதை நிறுத்திவிட்டோம். யாராவது அடையாள கார்டு கேட்டுவிட்டால் காட்ட எங்களிடம் எதுவும் இல்லை. காலையில் ஜன்னல் ஓரம் நின்றால் மஞ்சள் நிறப் பள்ளிப் பேருந்து வந்து நிற்பது தெரியும். பக்கத்து அறைப் பையன்கள் இருவரும் அதில் ஏறுவார்கள். பேருந்து திரும்பிப் போனதும் நான் போய் மறுபடி படுத்துக்கொள்வேன். பகல் முழுவதும் முப்பது அடி நீளம்கூட இல்லாத அந்த வீட்டுக்குள் நான் நடந்த தூரத்தைக் கூட்டினால் ஊருக்கே போய்ச் சேர்ந்திருக்கலாம்.

அந்தப் பையன்களின் அம்மாவை, அவர்கள் வீடுகளில் அக்காவைச் சொல்வதுபோல், நாங்களும் ராத்தா என்று கூப்பிடுவோம். அதிராம்பட்டினத்துக்காரர். அவர் கணவர் துபாயின் தேரா பகுதியில் மசாலாக் கடை ஒன்றில் இருந்தார். சமையலறை எல்லோருக்கும் பொது என்பதால் எங்கள் நிலைமை அவருக்கு மட்டும் தெரியும். குப்பூஸ் ரொட்டி வாங்கினால் இரண்டு கூடுதலாக வாங்கி வந்து, எதுவும் பேசாமல் எங்கள் அடுப்பு ஓரத்தில் வைத்துவிட்டுப் போவார். போனில் நான் சொன்ன பொய்கள் எல்லாம் ராத்தா வீட்டு உண்மைகள். அவர்கள் தேராவில் படகேறி அக்கரைக்குப் போனதை நாங்கள் போனதாகச் சொன்னேன். அவர்கள் சாப்பிட்ட மந்தி என்ற அரபுக் கறிச்சோற்றை நான் சாப்பிட்டதாகச் சொன்னேன். அவருடைய பையன்கள் அரபி நோட்டில் எழுதியிருந்ததைப் பார்த்து நாலு வார்த்தை கற்றுக்கொண்டு, சித்தப்பாவிடம் ஒப்பித்தேன். "கெட்டிக்காரி" என்று அவர் சிரித்தார்.

எப்படிப் பதில் சொல்ல வேண்டும் என்று கற்றுக் கொடுத்தவள் அம்மா. "கேக்குறவங்க ஒரு பேச்சுக்குக் கேக்குறாங்க. யோசிக்காம சட்டுன்னு ஒண்ணு சொல்லிட்டு, நீங்க என்ன சாப்ட்டியன்னு திருப்பிக் கேட்டுடு. அவங்க அதச் சொல்ல ஆரம்பிச்சிடுவாங்க." அவளே அதில் தேர்ந்தவள். ஊருக்கு எப்போது வருகிறீர்கள் என்று யார் கேட்டாலும், கீரை ஆய்ந்துகொண்டே, குரலில் எந்த மாற்றமும் இல்லாமல், "லீவு கேட்டிருக்காங்க. கெடச்சதும் கெளம்ப வேண்டியதுதான்" என்பாள். லீவு தர ஒரு கம்பெனியே இல்லாத ஆளுக்காக அவள் அப்படிச் சொல்வதைக் கேட்டுக்கொண்டு அப்பா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்.

அந்தப் பதில்தான் எங்களைச் சிக்கலில் தள்ளியது. செந்தில் மாமாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாமாவுக்கு உடன்பிறந்தவள் அம்மா ஒருத்தி மட்டுமே. மாப்பிள்ளை முதல் முடிச்சுப் போட்டதும் மற்ற இரண்டையும் நாத்தனார் போட வேண்டும். "அக்கா, எப்ப லீவு கெடைக்கும்னு சொல்லு, அதப் பாத்து முகூர்த்தம் வைக்கிறேன்" என்றார் மாமா. அம்மா யோசிக்கவில்லை. "தை மாசத்துல கெடச்சிடும்டா" என்றாள். தையில் தேதி குறித்தார்கள். தேதி நெருங்கியபோது, கம்பெனியில் அவசர வேலை, லீவைத் தள்ளிவிட்டார்கள் என்றாள். பெண் வீட்டார் முணுமுணுத்தும் கேட்காமல் மாமா கல்யாணத்தை வைகாசிக்கு மாற்றினார். அன்று போனை வைத்த பிறகு அம்மா வெகுநேரம் ஒரே பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

வைகாசிக்கு மூன்று வாரம் இருந்தபோது ஒரு வெள்ளிக்கிழமை மாமா என்னிடம் பேசினார். அவர் அன்று என்னிடம் பெரிதாக எதுவும் கேட்டுவிடவில்லை.

"பவி, கல்யாணத்துக்கு உனக்குப் பாவாடை எடுக்கணும். இப்ப எவ்வளவு ஒசரம் இருக்க?"

என் உயரம் எனக்குத் தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் வருடா வருடம் சுவரோடு நிற்கவைத்து அளப்பார்கள்.

"தெரியல மாமா."

"ஸ்கூல்ல அளந்திருப்பாங்கள்ல?"

"நான் ஸ்கூலுக்குப் போகல மாமா."

"லீவா?"

லீவு என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். எனக்கு அந்தச் சொல்லை வாயில் எடுக்கப் பிடிக்கவில்லை. "இல்ல மாமா. விசா இல்ல. பாஸ்போர்ட்டும் இல்ல. நாங்க கீழயே எறங்குறதில்ல. எங்களால வர முடியாது" என்றேன்.

அடுப்படியிலிருந்து வந்த அம்மா என் முகத்தைப் பார்த்ததும் போனைப் பிடுங்கினாள். என்னை அடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். ஆனால் அவள் போனைக் காதில் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மாமா என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. அம்மா மட்டும், "இல்லடா", "எப்படிடா சொல்றது", "பவி அப்பா மொகத்தப் பாத்தா சொல்ல வரலடா" என்று துண்டு துண்டாகப் பேசினாள். கடைசியில், "எனக்காக இன்னொரு தடவ தள்ளி வச்சின்னா நான் உசுரோட இருக்க மாட்டேன். நடத்து" என்று சொல்லிவிட்டு வைத்தாள். ராத்தா தன் அறை வாசலில் நின்றிருந்தார். உள்ளே வந்து, அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். "சொன்னது நல்லதாப் போச்சு புள்ள" என்றார். எனக்குச் சொன்னாரா அம்மாவுக்குச் சொன்னாரா என்று தெரியவில்லை.

கல்யாணத்தன்று காலை அம்மா குளித்துவிட்டுப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டாள். எனக்குத் தலை பின்னிவிட்டாள். ஒரு குக்கரில் போனைச் சாய்த்து வைத்து மூவரும் கட்டிலில் வரிசையாக உட்கார்ந்து பார்த்தோம். நாதஸ்வரம் விட்டு விட்டுக் கேட்டது. தாலி கட்டும் நேரத்தில் படம் உறைந்து, மாமாவின் கைகள் பெண்ணின் கழுத்துக்குப் பின்னால் அப்படியே நின்றுபோயின. மறுபடி படம் வந்தபோது அட்சதை தரையில் கிடந்தது, மாமாவின் பெரியப்பா மகள் சுமதி பின்னாலிருந்து நகர்ந்துகொண்டிருந்தாள். முடிச்சுப் போட்டது அவள்தான். "நல்லபடியா முடிஞ்சிருச்சு" என்று அம்மா சொன்னாள். கேசரி கிண்டியிருந்தாள், எல்லோருக்கும் கொடுத்தாள், ராத்தா வீட்டுக்கும் கொடுத்தாள். புடவையைச் சாயங்காலம் வரை மாற்றவே இல்லை.

அதற்கு அடுத்த வாரம் நஜீம் பாய் வந்தார். அல் ஐனில் முப்பது வருடமாகக் கடை வைத்திருந்தவர், மாமாவின் கூட்டாளி ஒருவருக்கு உறவு. மாமா கல்யாண வேலைகளுக்கு நடுவிலும் அலைந்து அவருடைய நம்பரைப் பிடித்திருக்கிறார். அரபி தண்ணீர் பட்ட பாடாகப் பேசுவார். அப்பாவைத் தன் வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு, ஓடிப்போன முதலாளிக்கு லைசென்சுப் பொறுப்பேற்றிருந்த கஃபீலான அரபியின் வீட்டைத் தேடிப் போனார். பூட்டிய ஆபீசின் சாவி அந்தக் கிழவரிடம் இருந்தது. அவருக்கு எங்களைப் பற்றி எதுவுமே தெரியாதாம். மேசை இழுப்பறையில் எங்கள் பாஸ்போர்ட்டுகள் மூன்றும் ரப்பர் பேண்டு போட்டபடியே கிடந்தன. ஒரே நாள் வேலை.

எங்கள் அறையில் தேநீர் குடித்துக்கொண்டே நஜீம் பாய் சாதாரணமாகத்தான் சொன்னார்: "இத ஆறு மாசம் முன்னாடி சொல்லிருந்தியன்னா கல்யாணத்துக்கே போயிருக்கலாமே தம்பி."

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அம்மா காலிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். அதற்குப் பிறகு நாட்டைவிட்டு வெளியேறுவதற்கான காகிதங்கள் கிடைக்க மேலும் ஒன்றரை மாதம் ஆயிற்று. அந்த நாட்களில் ஊரிலிருந்து போன் வந்தபோதெல்லாம் அம்மா என்னைப் பேசச் சொல்லவில்லை.

இப்போது எனக்கு வேலை துபாயில், ஒரு சரக்கு நிறுவனத்தின் கணினி முன்னால். பாஸ்போர்ட் என் கைப்பையில் இருக்கிறது. போன மாதம் ஒரு வேலையாக முவைலா பக்கம் போனவள், அந்தக் கட்டடத்தின் கீழே போய் நின்றேன். பலகைத் தடுப்புகளை எல்லாம் எடுக்கச் சொல்லிவிட்டார்களாம். இப்போது ஒரு வீட்டில் ஒரு குடும்பம்தான் என்றார் காவலாளி. ராத்தாவின் பழைய நம்பர் யாரிடமும் இல்லை. மஞ்சள் பேருந்து நின்ற இடத்தில் வண்டிகள் நிறுத்துகிறார்கள். இல்லாமல் போன இவற்றையெல்லாம்விட, அம்மாவின் அந்தச் சரளமான குரல் போனதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. ஊர் திரும்பிய பிறகு அவள் எந்தக் கேள்விக்கும் உடனே பதில் சொன்னதில்லை. நலமா என்று கேட்டால்கூட ஒரு கணம் தன்னையே கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் சொல்வாள்.

அன்று சாயங்காலம் அம்மா கூப்பிட்டாள்.

"சாப்ட்டியா?"

"சாப்ட்டேம்மா. நீ என்ன சாப்ட்ட?"

அம்மா சொல்ல ஆரம்பிக்கவில்லை. போன் துண்டித்துவிட்டதோ என்று திரையைப் பார்த்தேன். இல்லை, நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன. பேசாமல் காத்திருந்தாள். நான் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

"இல்லம்மா" என்றேன். "காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல. எனக்கு இங்க முடியல."

"சரி" என்றாள் அம்மா. "சொல்லு. மொதல்லேர்ந்து சொல்லு."