அக்கராயனில் ஒரு சாய்ந்த புல்தரை

அக்கராயன் குளத்துக்குப் போகும் வழியில், ஒரு வளவுக்குள் கோல்ஃப் கொடி பறப்பதைக் கண்டு வான் சாரதியிடம் நிறுத்தச் சொல்கிறேன். கோல்ஃப் மைதானங்களை வடிவமைப்பதுதான் என் தொழில்.

வளவுக்காரி ராணி அக்கா ஸ்கொட்லாந்திலிருந்து திரும்பியவர். அங்கே விளையாடிப் பழகிய பழைய கோல்ஃப் குழியொன்றை, அடிக்கும் இடம் முதல் கொடி வரை, அதே வடிவில் இங்கே அமைத்திருக்கிறார். கொடி நிற்கும் புல்தரை இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது. முன்னால் ஆழமான மணற்பள்ளம். யாரோ என்றோ கீறிய இந்த வடிவத்தை உலகமெங்கும் இன்னமும் திருப்பிக் கட்டுகிறார்கள். நான் கீறிய எதையும் எவரும் திருப்பிக் கட்டியதில்லை.

“ஒருக்கா அடிச்சுப் பாருங்கோ தம்பி,” என்று மட்டையை நீட்டுகிறார்.

கொடியை நேரே குறிவைக்கிறேன். பந்து மணலில் புதைகிறது. அக்கா வலப்பக்கம் விலக்கி அடிக்கிறார். பந்து சரிவில் மெல்ல உருண்டு கொடியருகே நிற்கிறது.

“ஒரே குழி அலுக்கேல்லையோ அக்கா?”

“இல்லைத் தம்பி. வழி தெரிஞ்சும் சில நாள் ஆசையிலை நேரை அடிச்சு மணலுக்கை விழுறனான். உங்கட மைதானங்களிலை ஆக்கள் இப்பிடித் தேடி வாற குழி எது?”

என் மைதானங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்க்கிறேன்; அப்படி ஒரு குழியும் இல்லை. வான்காரர் ஹோர்ன் அடிக்கிறார். வயிற்றெரிச்சலோடு அக்காவிடம் இன்னொரு பந்து கேட்கிறேன்.