மருமகள் பெயரில் ஓர் உச்சு

உச்சுக் கொட்டுவதில் என் மனைவியை மிஞ்ச மானகிரியில் ஆள் கிடையாது. யாருக்குக் கால் சுளுக்கினாலும், யார் வீட்டுக் கன்று செத்தாலும், மேல்பல்லுக்குப் பின்னால் நாக்கை ஒட்டி இழுத்து அவள் போடும் ‘த்சு’வைக் கேட்டால்தான் பறிகொடுத்தவருக்குப் பாதி மனம் ஆறும். துக்க வீடுகளில் அவளுக்கென்று பாயில் இடம் விட்டு வைப்பார்கள்.

அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த மருமகள் தென்னாப்பிரிக்காக்காரி. அங்கே வேலைக்குப் போன மகன் கல்யாணமும் முடித்து, போன பொங்கலுக்கு அவளை அழைத்து வந்தான். அவள் தாய்மொழி கோசா. நாக்கைச் சொடுக்குகிற சத்தமெல்லாம் அதில் க, ச, த மாதிரி மெய்யெழுத்துகள். வண்டிமாட்டை முடுக்க நாங்கள் கன்னத்தோரம் போடும் சத்தம்தான் அந்த மொழியின் பெயருக்கே முதலெழுத்து. எனக்கு ஒரே குஷி. அரை நாளில் பிடித்துவிட்டேன். மாடு ஓட்டினவனுக்கு இது என்ன பெரிய வித்தை!

வில்லங்கம் அவள் பெயரில் இருந்தது. பெயருக்கு நடுவில் அதே ‘த்சு’. மருமகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது மாமனாருக்கு வழக்கமில்லை; அது மாமியார் பாடு.

“வாழ வந்த பிள்ளையப் பாத்து உச்சுக் கொட்டச் சொல்றீகளா? நல்லாத்தான் இருக்கு!” என்று மனைவி மறுத்துவிட்டாள். நடு எழுத்தை விழுங்கிவிட்டு மிச்சத்தைச் சொல்லிக் கூப்பிட்டாள். வாய்க்கு வாய் ‘தாயி’ உண்டு, பணியாரம் சுட்டுப் போடுவதிலும் குறை இல்லை. ஆனால் அந்த அரைகுறைப் பெயரைக் கேட்கும்போதெல்லாம் அந்தப் பிள்ளையின் முகம் சுண்டிப்போகும். எனக்கு மனைவிமேல் கோபம் கோபமாக வந்தது. சொன்னால் கேட்கிற ஜென்மமா?

அவர்கள் ஊருக்குக் கிளம்புகிற அன்று காலை, அடுப்படியில் மாவு பிசைந்துகொண்டிருந்த மனைவியிடம் மருமகள் என்னவோ சொன்னாள். மகன் தமிழில் சொன்னான். “அம்மா, அது அவ அப்பா வச்ச பேரு. ஆஸ்பத்திரில கடைசியா அதைச் சொல்லிக் கூப்பிட்டுத்தான் கண்ண மூடுனாராம். அப்பறம் வீட்டு மனுசங்க வாயால அவ முழுசாக் கேட்டதே இல்ல. எனக்கும் நாக்குப் பெரளல. நீயாச்சும் கூப்பிடுவேன்னு நெனச்சாளாம்.”

மனைவிக்குக் கண் நிறைந்துவிட்டது. அவளை அறியாமல் ‘த்சு’ என்றாள்.

மருமகள் சட்டென்று நிமிர்ந்தாள். தன் நெஞ்சைத் தொட்டு, அதே சத்தத்தைத் திருப்பிப் போட்டு, அதுதான் அதுதான் என்பதுபோலத் தலையாட்டினாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது அவளுக்கு. மனைவி மறுபடி ஒருமுறை ‘த்சு’ போட்டுப் பார்த்தாள். பிறகு முன்னால் பாதியும் பின்னால் பாதியும் சேர்த்து, முழுப் பெயரையும் சொல்லிக் கூப்பிட்டாள். மாவுக் கையென்றும் பாராமல் அந்தப் பிள்ளை அவளைக் கட்டிக்கொண்டது. என்னால் அங்கே நிற்க முடியவில்லை. மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டேன்.

இப்போதும் மனைவி துக்க வீடுகளுக்குப் போகிறாள். பறிகொடுத்தவர் கையைப் பிடித்துக்கொண்டு உச்சுக் கொட்டாமல் உட்கார்ந்திருக்கிறாள். வெளிநாட்டு மருமகள் வந்ததும் இவளுக்குக் கர்வம் வந்துவிட்டது என்று ஊர் பேசுகிறது. பொறுக்காமல் நானே கேட்டேன்.

“அது எம் மருமக பேரு எழுத்து,” என்றாள். “எழவு வீட்டுல கொண்டுபோயிப் போடச் சொல்றீகளா?”