பேட்டரி அறையிலிருந்து வந்தவர்

என் கணவர் கடற்படையில், நீர்மூழ்கிக் கப்பலின் மின்பிரிவில் வேலை பார்த்தார். விருத்தாசலத்தில் இதைச் சொன்னால், "கப்பலா, எந்த நாட்டுக்குப் போறாரு?" என்றுதான் கேட்பார்கள். தண்ணீருக்குள் போகிறவர் என்று விளக்கினால் என்னைப் பாவமாகப் பார்ப்பார்கள். அந்தப் பார்வை எனக்குப் பழகிவிட்டது. பீங்கான் ஃபியூஸ் கட்டை செய்யும் சின்னக் கம்பெனி ஒன்றில் சூளைக்கு நான்தான் பொறுப்பு. வேலை இருந்ததால் கவலைப்பட நேரம் குறைவு.

ஒருமுறை லீவில் வந்திருந்தபோது சாப்பிட்டுக்கொண்டே ஒரு செய்தி சொன்னார். இனி கட்டப்போகும் நீர்மூழ்கிகளுக்கு எந்த பேட்டரி வைக்கலாம் என்று சோதித்துப் பார்க்கக் கரையில் ஒரு குழு அமைக்கிறார்களாம். அதில் சேர இவருக்கு விருப்பமா என்று கேட்டிருக்கிறார்கள்.

"கரையிலயா? அப்புறம் என்னங்க யோசன? சரின்னு சொல்லிட வேண்டியதுதான?"

"அது லித்தியம் பேட்டரிம்மா. எனக்கு இன்னும் அதுமேல நம்பிக்க வரல."

லித்தியம் என்றால் எனக்கு செல்போன் பேட்டரிதான் தெரியும். அவர் விளக்கினார். டீசல் எஞ்சினுக்குக் காற்று வேண்டும். அதனால் கப்பல் மேல்மட்டத்துக்கு வந்து, ஒரு குழாயைத் தண்ணீருக்கு வெளியே நீட்டி, எஞ்சினை ஓட்டி பேட்டரியை நிரப்பிக்கொள்ளும். பிறகு ஆழத்தில் போகும்போது பேட்டரிதான் மோட்டாரைச் சுழற்றும். குழாய் வெளியே தெரியும் நேரத்தில்தான் எதிரியிடம் மாட்டிக்கொள்ளும் பயம் அதிகம்.

"இப்ப இருக்கிற ஈய பேட்டரி ஏற நேரமாவும். வேகமா ஓட்டினா சட்டுனு வத்திடும். லித்தியம் அப்படியில்ல. குழாயத் தூக்குறது கொறையும்."

"நல்லதுதான?"

"நல்லதுதான். ஈய பேட்டரியிலயும் ஆபத்து இருக்குது. சார்ஜ் ஆவும்போது ஹைட்ரஜன் வரும். ஃபேன் ஓட்டி வெளியேத்துவோம், அது பழகின விஷயம். லித்தியம் பேட்டரிக்குள்ள ஒரு செல்லு சூடு புடிச்சா பக்கத்து செல்லும் புடிச்சிக்கும். கடலுக்கடியில கதவத் தொறந்து ஓட முடியுமா?"

எரிவாயுவை நிறுத்திய பிறகும் சூளை எத்தனை நேரம் தகித்துக்கொண்டிருக்கும் என்பதைத் தினமும் பார்க்கிறவள் நான்.

"வேற வழியே இல்லிங்களா?"

"ஃபியூயல் செல் இருக்குது. ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் சேத்து கரண்டு எடுக்கும். மேல வராமலே ரொம்ப நாளு மெதுவா ஓடலாம். ஆனா அவசரத்துக்கு வேகம் கெடைக்காது. அதுக்கும் கூடவே ஒரு பேட்டரி வேணும்."

முடிவு எதுவும் எடுக்காமலே, "இந்தத் தடவ போயிட்டு வரேன், அப்புறம் சொல்றேன்" என்று ரயிலேறினார்.

கப்பல் கடலுக்குள் போனால் போன் கிடையாது. திரும்புவதாகச் சொன்ன நாள் வந்தது, அவர் வரவில்லை. அதே கப்பலில் இருப்பவரின் மனைவி ஒருவர் துறைமுக ஊரிலிருந்து என்னைக் கூப்பிட்டார். "பேட்டரியில ஏதோ கோளாறாம். வேற ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிறாங்க" என்றார். வீட்டில் இருக்கப் பிடிக்காமல் வேலைக்குப் போனேன். முதலாளியம்மா என் முகத்தைப் பார்த்தார். தன் சாப்பாட்டில் பாதியை எனக்கு வைத்தார். அது இறங்கவில்லை.

மறுநாள் மத்தியானம் சூளையிலிருந்து சரக்கு இறக்கிக்கொண்டிருந்தோம். போன் அடித்தது.

"நான்தாம்மா. நல்லா இருக்கேன். எல்லாரும் நல்லா இருக்குறோம்."

களிமண் மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன். பயந்துபோன முதலாளியம்மா போனை வாங்கி, "என்னாச்சு தம்பி?" என்றார். கேட்டுவிட்டுச் சிரித்தார். "ஒண்ணுமில்ல, வந்தா மீன் கொழம்பு வேணுமாம்." அதன்பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. அழ அழ உடம்பு லேசானது.

ஊருக்கு வந்தவர் நடந்ததைச் சொன்னார். சார்ஜ் ஏறும்போது ஒரு செல் அளவுக்கு மீறிச் சுட்டிருக்கிறது. பேட்டரி அறையில் நிற்க உயரம் இருக்காது. செல்களுக்கு மேலே ஒரு தள்ளுவண்டியில் படுத்தபடிதான் நகர வேண்டும். அப்படிப் போய் அந்த செல்லைக் கண்டுபிடித்து, இணைப்பிலிருந்து கழற்றி ஒதுக்கிவிட்டு, கப்பலை முழுவதுமாக மேலே கொண்டுவந்து கரை திரும்பியிருக்கிறார்கள்.

"படுத்துக்கினு போனது யாரு?"

"நான்தான்."

கோபத்தில் தோளில் ஓர் அடி வைத்தேன். அவர் சிரித்தார்.

"ஈய பேட்டரிங்கிறதால கண்டுபுடிக்க எங்களுக்கு நேரம் கெடைச்சிது. லித்தியத்துல அந்த நேரம் கெடைக்குமான்னு யாராவது கேக்கணுமில்ல? அந்தக் குழுவுல சேர்ந்து நானே கேக்குறேன்."

இப்போது அவர் கரையில் இருக்கிறார். செல்களை வேண்டுமென்றே சூடேற்றி, பற்றவைத்துப் பார்க்கிறார்கள். ஒரு செல்லின் தீ அடுத்ததற்குத் தாவாமல் தடுப்பு வைத்துப் பார்க்கிறார்கள். முதலில் வந்த வகை அதிக சக்தி கொண்டதாம், ஆனால் தடுப்பையும் மீறித் தாவியதாம். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். சக்தி கொஞ்சம் குறைந்தாலும் எளிதில் தீப்பிடிக்காத இன்னொரு லித்தியம் வகையைத்தான் இப்போது சோதிக்கிறார்கள். "பரவால்ல, இது சொன்ன பேச்சு கேக்குது" என்கிறார். அவர் குரலில் இருந்த பழைய சந்தேகம் குறைந்திருக்கிறது.

சாயங்காலமானால் தினமும் போன் செய்கிறார். சூளை வேலை மும்முரமாக இருந்தால் நான் எடுப்பதுகூட இல்லை.