அப்பா பிடுங்கிய கடற்புல்

கடல் ஆராய்ச்சிப் படிப்புக்காகத் தூத்துக்குடிக் கடல்நீரைக் கோவில்பட்டி வீட்டில் இரண்டு தொட்டிகளில் வைத்திருந்தேன். காற்றிலுள்ள கரியமில வாயு கடலில் கரைந்து அமிலத்தை ஏற்றுகிறது. கடற்புல் பகலில் அந்த வாயுவை உறிஞ்சிக்கொள்ளும். அதைச் சோதிக்கவே ஒன்றில் மட்டும் புல் நட்டிருந்தேன். மதியமானால் அந்தத் தொட்டியில் அமிலம் இறங்கிவிடும்.

ஒருநாள் வீடு திரும்பியபோது புல்லைக் காணோம். கரிசலில் பருத்திக்குக் களையெடுத்தே பழகிய அப்பா, "களை மண்டிக் கெடந்துச்சுலே, வேரோட பிடுங்கிட்டேன்" என்றார். கத்தித் தீர்த்தேன்.

மறுநாள் மதியம் அமிலம் அளக்கும் கருவியில் இரண்டு தொட்டிகளும் ஒரே அளவைக் காட்டின. அப்பா கருவியையே பார்த்துக்கொண்டிருந்தார். "திரும்ப நட்டு வச்சா வேரு பிடிக்காதாலே?" என்றார். நட்டுப் பார்த்தோம், பிடிக்கவில்லை.

இப்போதும் கண்ணை மூடினால், கடலடியில் அவர் குனிந்து நிரை நிரையாகக் களையெடுத்துப் போகிறார். கூப்பிட்டால் திரும்புவதேயில்லை.