தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை

இங்கே தேநீர்க் கடையில் பிளேன்டீ கேட்டால் வயிறு சரியில்லையா என்று கேட்கிறார்கள். கோத்தகிரிப் பக்கம் வந்து பத்துப் பன்னிரண்டு வருடமாகிறது, இன்னும் கேட்கிறார்கள். ஒருமுறை கடைக்காரர், பாலுக்குக் காசில்லாமல்தான் இந்தப் பெண் சாயத்தண்ணீர் கேட்கிறாள் என்று நினைத்து, தன் செலவிலேயே பாலை ஊற்றி, மேலே ஆடையும் போட்டுக் கொடுத்தார். எனக்குப் பாலாடை குமட்டும். குடித்துத் தீர்த்தேன். இரக்கத்தை வேண்டாம் என்று சொல்ல எனக்கு யாரும் பழக்கவில்லை. நாம் கேட்டதைக் கொடுக்காமல் அதைவிட நல்லது எதையாவது கொடுக்கும் மனிதர்கள் கடலுக்கு இரண்டு பக்கமும் இருக்கிறார்கள். என்னை வளர்த்த ஞானம்மா அவர்களில் தலைசிறந்தவள்.

இலங்கையில் நான் பிறந்த அக்கரப்பத்தனையில் இதை வாசிப்பவர்களுக்குத் தலைப்பை விளக்க வேண்டியதில்லை; மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பிள்ளை தங்காத வீட்டில் அடுத்து ஒரு பிள்ளை பிறந்தால், பக்கத்து வீட்டுக்காரிக்கு அதைத் தவிட்டுக்கு விற்றுவிடுவது எங்கள் தோட்டத்து வரிசைவீட்டு லயங்களில் வழக்கம். ஒரு சுளகு தவிடு கொடுத்து அவள் வாங்கிக்கொள்வாள். எமன் வந்து கேட்டால் இது என் பிள்ளையில்லை என்று பெற்றவள் கையை விரிக்கலாம். மற்றபடி பிள்ளை பெற்றவளிடமே வளரும். வளர்ந்து கெட்டியானதும் தவிட்டைத் திருப்பிக் கொடுத்து, ஒரு புதுத்துணியும் எடுத்துப் போட்டு மீட்டுக்கொள்வார்கள். என் ஆத்தா மாரியாயிக்கு எனக்கு முன்னால் இரண்டு பிள்ளைகள் போயிருந்தன. அப்பன், நான் பிறந்த வருடமே கங்காணியோடு சண்டை போட்டுக்கொண்டு வேறு தோட்டத்துக்குப் போனவன், திரும்பவில்லை. ஆத்தா என்னை லயத்தில் பக்கத்துக் காம்பரா அறையில் இருந்த ஞானம்மாவுக்கு விற்றாள். வேதக்காரர் வீட்டுக்கு எமனுக்கு வழி தெரியாது என்பது அவள் கணக்கு.

ஞானம்மாவின் கணவர் தோட்டத்து மாதா கோயிலில் உபதேசியார். பிள்ளையில்லாத வீடு. பஞ்ச காலத்தில், மரவள்ளிக் கிழங்குக்கும் வழியில்லாமல் ஆட்கள் காலையில் பேர் கூப்பிடும் பெரட்டிலேயே சுருண்டு விழுந்தபோது, அந்த வீட்டில் மட்டும் கோயிலிலிருந்து வந்த மாவும் பால்மாவும் இருந்தன. அங்கே சாப்பிட்டேன், அங்கேயே தூங்கினேன், அங்கேயே ஞானஸ்நானமும் பெற்று ரெஜினா ஆனேன். ஆத்தா கோயில் வாசலில் நின்று பார்த்தாளாம். சாமியார் ஊற்றுகிற தண்ணீரும் ஒரு காப்புத்தானே என்று நினைத்திருப்பாள். பிறகு, தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்கு அனுப்பும் ஒப்பந்தத்தில், ஞானம்மா வீட்டுக்கு இந்தியப் பாஸ்போர்ட் வந்தது. அவர்கள் பிள்ளையாக என் பெயரும் அதில் இருந்தது. ஆத்தாளுக்கு இலங்கைப் பிரஜாவுரிமை கிடைத்துவிடும் என்று யாரோ சொல்லி வைத்திருந்தார்கள். அங்கே போனாலாவது பிள்ளை சாப்பிடும் என்று அவளும் சரி என்றாள்.

சரி என்றவள், நாங்கள் புறப்பட்ட அன்று தலவாக்கலை ஸ்டேசனுக்கு வந்துவிட்டாள். கோச்சிக்குள் இருந்தவர்களும் வெளியே நின்றவர்களும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு ஒப்பாரி வைக்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் ஒரு சுளகு தவிட்டைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள் மாரியாயி. துரை பங்களா மாட்டுக்கொட்டகையில் கெஞ்சி வாங்கிய தவிடு. தோளில் ஒரு சீட்டித்துணிக் கவுன், யாரோ போட்டுக் கழித்தது, வெளுத்துக் கொண்டு வந்திருந்தாள். அழவில்லை. ஜன்னல் வழியாகச் சுளகை நீட்டி முறைப்படி கேட்டாள்.

“அக்கா, ஒங்க தவிட்ட எடுத்துக்கங்க. எம் புள்ளயக் குடுத்துருங்க.”

ஞானம்மா சுளகைப் பார்த்தாள். அவள் குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதே இல்லை. அன்றும் மெதுவாகத்தான் சொன்னாள்.

“நான் குடுத்த தவிட்ட அன்னிக்கே மாடு தின்னுருச்சு மாரியாயி. தவிட்டுக்கு வாங்குன புள்ள ஞானஸ்நானத்தோட போயிருச்சு. இது வேற புள்ள.”

சொல்லிவிட்டு என் கையில் ஒரு பணிஸ் ரொட்டியைக் கொடுத்தாள். நான் தின்றேன். இதை நான் எந்தப் பாவசங்கீர்த்தனத்திலும் சொன்னதில்லை, சொல்லப் போவதும் இல்லை. எட்டு வயதுப் பசி யார் முகத்தையும் பார்க்காது. கோச்சி நகர்ந்தபோது யாரோ இடித்துச் சுளகு கவிழ்ந்துவிட்டது. நான் கடைசியாகப் பார்த்தபோது ஆத்தா கோச்சியின் பக்கம் திரும்பவில்லை. குனிந்து தவிட்டை அள்ளிக்கொண்டிருந்தாள். ராத்திரிக்கு அவளுக்கு அதுதான் சாப்பாடு.

நீலகிரியில், தாயகம் திரும்பியவர்களுக்கென்று அரசாங்கம் போட்ட தேயிலைத் தோட்டத்தில் எங்களுக்கு வீடு கிடைத்தது. அதே மலை, அதே பனி, அதே கொழுந்து. ஆட்கள்தான் வேறு. பாஸ்போர்ட்டோடு வந்தவர்களை அகதி என்றார்கள். என்னை இந்த நாட்டில் வேர்பிடிக்க வைக்க ஞானம்மா பட்ட பாடு கொஞ்சமில்லை. எனக்கு இருமல் வந்தால் இரவெல்லாம் மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பள்ளிக்கூடத்தில் ஒரு டீச்சர், உங்கள் நாட்டில் சோறே கிடையாதாமே என்று பரிதாபமாகக் கேட்டதற்கு, மறுநாளே தன் கம்மலை அடகு வைத்து அந்த டீச்சர் வீட்டுக்கு ஒரு மரக்கால் பொன்னி அரிசி அனுப்பினாள். அந்த டீச்சர் அதைக் காணிக்கை என்று நினைத்துக்கொண்டார். அவள் அன்பில் எனக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை. வந்திருந்தால் சௌகரியமாக வெறுத்திருப்பேன்.

மாலைச் செபம் முடிந்ததும் எனக்குத் தனியாக ஒரு ஞானோபதேசம் உண்டு. உபதேசியார் வீட்டில் எதைச் சொல்லிக்கொடுத்தாலும் கேள்வி பதிலாகத்தான் சொல்லிக்கொடுப்பார்கள். உன் பெயர் என்ன? ரெஜினா. உன்னைப் பெற்றவர் யார்? ஞானம்மா. எந்த ஆஸ்பத்திரியில்? நுவரெலியா ஆஸ்பத்திரியில். மாரியாயி யார்? பக்கத்துக் காம்பராக்காரி. முதலில் தடுமாறினேன். தடுமாறினால் முழங்காலில் நிற்க வேண்டும். ஞானம்மாவும் பக்கத்தில் முழங்காலில் நின்று எனக்காக அழுதுகொண்டே மன்றாடுவாள். அந்த அழுகையைப் பார்க்க முடியாமலே சீக்கிரம் பாடமாக்கிக்கொண்டேன். பிறகு தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சரியாகச் சொல்வேன்.

எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு, அங்கே பிரஜாவுரிமை கிடைக்காமல், கடைசிக் கப்பல்களில் ஒன்றில் ஆத்தாளும் வந்து சேர்ந்தாள். எங்கள் தோட்டத்திலேயே வேலை கேட்டு வாங்கிக்கொண்டு வந்திருந்தாள். ஞானம்மா அவளை நாற்காலியில் உட்காரவைத்துச் சோறு போட்டாள். சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்து, இங்கே இந்தப் பெண்ணுக்கு நல்ல பேர் இருக்கிறது, நல்ல இடத்தில் சம்பந்தம் பேசப்போகிறோம், நீ வந்து போய் இரு, வேறு பேச்சு மட்டும் வேண்டாம் என்றாள். ஆத்தா இலையை மடித்தபடியே, நான் எதுக்குக்கா பேசப்போறேன், புள்ள சாப்புட்டுச்சுன்னு பாத்தாச்சுல்ல என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, “நல்லா இருக்கீங்களா பாப்பா?” என்று கேட்டாள். பெற்றவள் வாயிலிருந்து ‘ங்க’ போட்டு வந்த அந்தக் கேள்விக்கு, நல்லா இருக்கேன் என்று பதில் சொன்னேன்.

இரண்டு வருடம் ஒரே மலையில் கொழுந்து பறித்தோம். அவள் நிரையைத் தேடிப் போய் நான் நிற்பேன். அவள் பேசாமல் தன் கூடையிலிருந்து ஒரு பிடி கொழுந்தை என் கூடையில் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவாள். சளி நெஞ்சில் கட்டி அவள் செத்துப்போன வாரத்தில், கோயிலில் என் கல்யாணத்தை அறிவிக்கும் ஓலை ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசித்தாகியிருந்தது. மாப்பிள்ளை உள்ளூர்க்காரர். அவர்தான் இன்று என் கணவர். இது அவருக்குத் தெரியாது. அச்சில் வந்தபிறகு தெரிந்துகொள்ளட்டும்.

சாவு வீட்டில் நான் ஓரமாக நிற்கத்தான் போனேன். பார்த்ததும் அழுகை என்னைக் கேட்காமல் வந்துவிட்டது. மாப்பிள்ளையின் தாயார் கூட்டத்தில் இருந்தார். ஞானம்மா என் இடது கையைப் பிடித்து இறுக்கினாள். வாய்க்கரிசி போட சொந்தக்காரர் யாராவது இருக்கிறீர்களா என்று குரல் கொடுத்தார்கள். யாரும் அசையவில்லை. தலைமாட்டில் இருந்த ஒருத்தி என்னைப் பார்த்து, நீ இவுகளுக்கு என்ன முறை தாயி என்று கேட்டாள். பாடமாக்கிய பதில் அன்று வாயில் வரவில்லை. ஞானம்மா முந்திக்கொண்டாள்.

“அங்க பக்கத்துக் காம்பரா. சின்னதுல இவளத் தூக்கி வளத்தாங்க. அதான் அழுவுது.”

வளர்த்த பிள்ளை என்றால் போடலாம் என்று பெண்கள் தங்களுக்குள் பேசி முடிவு செய்து என் வலது கையில் அரிசியைத் திணித்தார்கள். என்னைப் பெற்றவளுக்கு வளர்ப்புப் பிள்ளையாக வாய்க்கரிசி போட்டேன். ஞானம்மா தடுக்கவில்லை, கையையும் விடவில்லை. எனக்குப் பின்னால் மாப்பிள்ளையின் தாயார் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளிடம் சொன்னார்:

“வளத்தவங்களுக்கே இப்படி உருகுறாளே. பெத்தவங்க நீங்க குடுத்துவச்சவங்க.”

ஞானம்மா என் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். நான் உதறவில்லை. மற்றக் கையில் மிச்ச அரிசி இருந்தது. அதை எங்கே போடுவதென்று தெரியாமல் மூடியபடியே நின்றேன்.