கறி தின்றுவிட்டு வந்தவர்

செங்கல்பட்டில் நான் வேலை பார்த்த லேபுக்கு மாமல்லபுரத்திலிருந்து ஓர் ஆட்டோக்காரர் வருவார். அண்ணன் குடல் புற்றுநோயில் போனதால், இவருக்கும் மலத்தில் ரத்தம் கலந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லியிருந்தார் டாக்டர். மலம் எடுத்துவந்த டப்பா இருந்த மஞ்சள் பையை ஒரு நாற்காலியில் வைத்துவிட்டு, யாருடையதோ என்பதுபோலத் தள்ளி உட்காருவார்.

சோதனைக்கு முன் மூன்று நாள் கறி ஆகாது. தின்றால் ஆட்டு ரத்தமும் காட்டிவிடும்.

"கறி சாப்ட்டீங்களா?"

"நேத்துகூட துன்னேம்மா."

மூன்றாம் தடவை வந்தபோதும் அதே பதில். எனக்கு அலுத்துவிட்டது.

"மூணு நாள் வாயைக் கட்ட முடியாதாண்ணா?"

"கட்டலாம்மா. அப்பால ரத்தம் கீதுன்னு வந்தா, அது என்னோடதுதான்னு ஆயிடுமே."

டப்பாவைத் திருப்பிக் கொடுத்தேன். அன்றுதான் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

அப்புறம் அவர் வரவில்லை. இன்னும் எங்கேயோ கறி தின்றுகொண்டிருக்கிறார் என்றே வைத்துக்கொள்கிறேன்.